சாவி இல்லாமல் எரிந்த விளக்கு

கோதண்டபாணியின் கரி வண்டி என் ஷெட்டுக்கு வந்தது ஐப்பசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பெட்ரோலுக்குக் கூப்பன் வைத்திருந்தார்கள். கூப்பன் இருந்தாலும் பெட்ரோல் இருக்காது. அதனால் வாடகைக் கார்களின் முதுகில் ஆளுயர இரும்புப் பீப்பாய் ஒன்றைக் கட்டிவிட்டிருந்தார்கள். அதற்குள் அடுப்புக்கரி கனலும். அதிலிருந்து கிளம்பும் வாயு குழாய் வழியாக எஞ்சினுக்குப் போய் வண்டியை ஓட்டும். திருத்தணி மலைக்கு வருகிறவர்களை ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக்கும், அங்கிருந்து திருவாலங்காடு, மணவூர் என்றும் ஏற்றிப்போகிற வண்டி அது.

நான் ஜெபதுரை, ஒயர் மேஸ்திரி. பேட்டரி, டைனமோ, விளக்கு, ஹாரன் எதுவானாலும் என்னிடம்தான் வரும். கரிப் பீப்பாயைப் பார்க்க அரக்கோணத்தில் வேறு ஆள் இருந்தான். அதில் கை வைப்பது எனக்குக் கௌரவக் குறைச்சல் என்று நினைத்திருந்தேன். அந்தக் கொழுப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

டிரைவர் ராஜவேலு இறங்கி வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மேஸ்திரி, இந்தச் செவப்பு வெளக்கு உயிர வாங்குது. சாவிய எடுத்து ஜோபில போட்டுக்கினு குந்திகினு கீறேன். அப்பவும் எரியுது."

"கனா கண்டியா?"

"ஆங், கனாதான். நீயே பாரு."

டேஷ்போர்டில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு. சாவி போட்டதும் எரியும். எஞ்சின் ஓடி டைனமோ சுற்ற ஆரம்பித்ததும் அணைந்துவிடும். ஓடும்போது எரிந்தால் டைனமோவில் கோளாறு என்று அர்த்தம். சாவியை எடுத்தபிறகு அது எரிய வழியே கிடையாது. வண்டியின் நான்கு கதவையும் திறந்துபோட்டு, பீப்பாயின் நெருப்பை அவித்துவிட்டு, சாயந்தரம் வரை ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தேன். டாக்டரைக் கண்டதும் வலி போய்விட்டது என்கிற நோயாளி மாதிரி, வண்டி சாதுவாக நின்றது. விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை.

மறுநாள் ராஜவேலு திரும்பி வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான்.

"எப்பதான்யா எரியுது?" என்று கத்தினேன்.

"ஓடறப்ப எரியறதில்ல மேஸ்திரி. மழைல எங்கனா நின்னா எரியுது. மணவூர் ரயில்வே கேட்டாண்ட கண்டிப்பா எரியுது." குரலைத் தாழ்த்தினான். "சிங்காரம் செத்தானே, அந்த கேட்டு."

சிங்காரத்தை எனக்கும் தெரியும். அந்த வண்டியை ராஜவேலுவுக்கு முன்னால் ஓட்டியவன். விரலில் தடித்த வெள்ளி மோதிரம் போட்டிருப்பான். சவாரிக்காரர்கள் இறங்கத் தாமதித்தால் மோதிரத்தால் கண்ணாடியில் 'டக், டக்' என்று இரண்டு தட்டுத் தட்டுவான். போன வருஷம் மழையில் கேட் திறக்கக் காத்திருந்தபோது, உட்கார்ந்தபடியே போய்விட்டான். மார்வலி என்றார்கள். வண்டியில் ஆள் செத்த சேதி தெரிந்தால் எவனும் ஏறமாட்டான் என்று கோதண்டபாணி அதை அப்படியே அமுக்கிவிட்டார்.

"காவு கேக்கறான் மேஸ்திரி. அதான் வெளக்க காட்டிகினே கீறான்."

"கோயிலுக்குப் போயி ஜெபம் பண்ற வேதக்காரனாண்ட வந்து பேய்க்கத சொல்றியா? போடா வேலையப் பாத்துகினு" என்று சிரித்தேன். ஆனாலும் வியாழக்கிழமை அவனோடு வண்டியில் போனேன்.

மணவூர் ஸ்டேஷனில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கேட் மூடியிருந்தது. மழை கொட்டியது. பட்டாளத்துச் சரக்கு ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கரி வீணாகாமல் இருக்க ராஜவேலு எஞ்சினை நிறுத்தினான். கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டோம். உள்ளே ஈரத் துணி வாசனையும் பீடி வாசனையும். சாவியை வாங்கி என் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன்.

ராஜவேலு கொட்டாவி விட்டான். மறுபடி விட்டான். எனக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாததால் என்று நினைத்தேன்.

விளக்கு எரிந்தது.

ஊதிவிட்ட கங்கு போல மெல்ல மெல்லச் சிவந்தது. சாவி என் கையில்தான் இருந்தது. சீட்டைத் தூக்கி அடியில் இருந்த பேட்டரியின் ஒயரைப் பிடுங்கினேன். ஹாரனை அமுக்கிப் பார்த்தேன். சத்தமே இல்லை. வண்டியில் ஒரு பொட்டு மின்சாரம் கிடையாது.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

டக், டக்.

கண்ணாடியில். உள்பக்கத்திலிருந்து. ராஜவேலுவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. அவன் விரலில் மோதிரம் கிடையாது.

"கேட்டியா மேஸ்திரி?" என்றான் காற்றாக.

கதவை உதைத்துத் திறந்து மழையில் குதித்தேன். அந்த நொடியே விளக்கு அணைந்தது.

மழையில் நனைந்ததும் பயம் போய் வெட்கம் வந்தது. ஒயர் மேஸ்திரி பேய்க்கு ஓடினான் என்றால் ஊர் சிரிக்காதா? உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் விளக்கு எரிந்தது. திறந்தேன், அணைந்தது. இப்படி மூன்று தடவை. "பாத்தியாடா! கதவுலதான் கோளாறு. எங்கயோ ஒயர் நசுங்குது" என்று கூவினேன். பேட்டரியைத்தான் பிடுங்கிவிட்டேனே என்று என் புத்திக்கு உறைக்கவில்லை. ஒயர் சரியாகக் கழன்றிருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கதவு திறந்த போதெல்லாம் தலைவலி விட்டதையும் நான் கவனிக்கவில்லை. விளக்கு மூன்று தடவை சொன்னது, பாவி நான் மூன்று தடவையும் ஒயரைத்தான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை அந்தக் கதவை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் புது ஒயர் போட்டேன்.

அன்று மத்தியானம் ஷெட் கதவு பட்டென்று அதிர்ந்தது. என் தங்கை தபிதாள்தான். சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கதவைத் தட்டத் தெரியாது. உள்ளங்கையால் ஒரே அறை. பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், பிள்ளை பிறந்து மூன்று மாதம். அவள் புருஷன் தானியேல் பட்டாளத்தில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பட்டணத்தில் கப்பல் ஏறுகிறான், பிள்ளை முகத்தை ஒரு தரம் காட்டிவிட்டுப் போகச் சொல் என்று கூட்டாளியிடம் சொல்லியனுப்பியிருந்தான். இரண்டு நாளாக ஸ்டேஷனுக்குப் போய், ரயிலில் காலை வைக்க இடமில்லாமல் பிள்ளையோடு திரும்பி வந்திருந்தாள்.

கோதண்டபாணி அங்கேதான் உட்கார்ந்திருந்தார். "நீ வெளக்க சரி பண்ணிக் குடு நைனா. உன் தங்கச்சிய என் வண்டிலயே பட்டணத்துல கொண்டுபோய் வுடச் சொல்றேன்" என்றார். தபிதாள் என்னைப் பார்த்த பார்வையில் நான் மறுக்க என்ன இருந்தது?

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. மழை விடவில்லை. பீப்பாய் கனன்றுகொண்டிருந்தது. தபிதாள் பிள்ளையைப் போர்த்திக்கொண்டு பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ராஜவேலு வண்டிக் கூரையில் பெட்டியைக் கட்டிவிட்டு வந்து முன்பக்கம் எட்டிப் பார்த்தான்.

"மேஸ்திரி. சாவி இன்னும் போடல. எரியுது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"இது எரிஞ்சிகினு கீறப்ப நான் வண்டிய எடுக்கமாட்டேன்" என்று அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

"அண்ணா, நேரமாவுதுண்ணா" என்றாள் தபிதாள். கண் கலங்கிவிட்டது. "அவரு புள்ள மொகத்த பாக்காமயே பூடுவாருண்ணா."

டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு, சிவப்புச் சாயம் பூசின அந்தப் பல்பையே திருகிப் பிடுங்கினேன். ஒயர் முனையில் டேப்பைச் சுற்றினேன். "இந்தா, இனிமே எப்படி எரியும்னு பாக்கறேன்!" என்று பல்பை ராஜவேலுவின் மூக்குக்கு நேரே ஆட்டினேன். அவன் சிரித்துவிட்டான்.

டக், டக்.

தபிதாள் திரும்பிப் பார்த்தாள். நான்தான் கண்ணாடியைத் தட்டினேன் என்று நினைத்துச் சிரித்தாள். பிள்ளையின் கையைத் தூக்கி எனக்கு ஆட்டினாள்.

"புள்ளைக்கு சளி புடிச்சிக்கும். கண்ணாடிய நல்லா ஏத்திக்கோ" என்றேன். சந்து தெரிந்தது என்று நானே வெளியிலிருந்து அழுத்திச் சரிசெய்தேன். இந்தக் கையால்.

வண்டி போய்விட்டது. பல்பை ஆணி, திருகு போட்டு வைத்திருந்த பீங்கான் தட்டில் போட்டுவிட்டு ஒரு ஹாரனைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணி இருக்கும். தட்டில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது.

ஒயர் இல்லை. பேட்டரி இல்லை. வெறும் பல்பு.

எரிந்துகொண்டிருந்தது.

தட்டின் விளிம்பில் டக், டக் என்றது. நிறுத்தாமல் தட்டியது. அவசரமாகத் தட்டியது.

ஓடிப்போய் ஷெட் கதவைத் திறந்தேன். அணையவில்லை. பின்கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தேன். அணையவில்லை. இது இந்தக் கதவு இல்லை, அந்த வண்டியின் கதவு. அப்போதுதான் உறைத்தது. மழை. நின்ற வண்டி. மூடிய கண்ணாடி. அவியாத கரி. என் தலைவலி, ராஜவேலுவின் கொட்டாவி. கதவைத் திறந்தால் அணையும் விளக்கு. சிங்காரம் காவு கேட்கவில்லை ஐயா, கதவைத் திற என்று கெஞ்சியிருக்கிறான்! தனக்கு ஒருவரும் சொல்லாததை எங்களுக்குச் சொல்லியிருக்கிறான்.

யாரிடம் போய் என்ன சொல்ல? நின்ற இடம் தெரியாத வண்டிக்குத் தந்தி அடிக்க முடியுமா? பக்கத்துக் கடைக்காரனின் சைக்கிளைக் கேட்காமலே எடுத்தேன். பல்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பட்டணத்துக்குப் போகிற கனகம்மாசத்திரம் ரோட்டில் மிதித்தேன். ரோடு முழுக்கச் சேறு. இரண்டு தடவை விழுந்தேன். நனைந்த சட்டைக்குள் பல்பு சிவப்பாகத் தெரிந்தது, நெஞ்சில் சுட்டது. எரியட்டும் என்று ஜெபித்தேன். எரிகிறவரைக்கும் அவள் இருக்கிறாள் என்று ஏனோ நினைத்தேன். "கதவத் தொற தபிதா! தொறம்மா!" என்று வெறும் வயல்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே போனேன். ஏற்றம் இறைக்கிற இடத்தில் ஒதுங்கியிருந்த இரண்டு பேர் என்னைப் பைத்தியம் என்று பார்த்தார்கள்.

சத்திரத்துக்கு இரண்டு மைல் இருக்கும்போது வெளிச்சம் மங்கியது.

"வேணாம்" என்றேன். "வேணாம், வேணாம்."

அணைந்தது. பைக்குள் சூடு ஆறிப்போனது.

சத்திரம் தாண்டித் தரைப்பாலத்தின்மேல் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. வண்டி இந்தக் கரையில் நின்றது. டீக்கடைத் தாழ்வாரத்தில் ராஜவேலு எழுந்து நின்றான். கடைக்கார மணியம்மையின் மடியில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது.

"இன்னா மேஸ்திரி இந்த மழைல? தண்ணி வடியட்டும்னு நிறுத்தினேன். புள்ள அழுதுச்சின்னு இந்தம்மா வாங்கியாந்துச்சு. தங்கச்சி நல்லா தூங்குது, சொம்மா எழுப்ப வேணாம்னு வுட்டேன்."

நான் கதவைத் திறந்தேன்.

கன்னம் இரண்டும் ரோஜா நிறத்தில் இருந்தன. அப்படி ஒரு சிவப்பு உயிரோடு இருந்தபோது அவளுக்கு வந்ததில்லை. பனிபடர்ந்த கண்ணாடியின் உள்பக்கத்தில், ஐந்து விரலும் விரிந்த ஒரு உள்ளங்கை அச்சு இருந்தது.

கரியிலிருந்து வருகிற வாயுவுக்கு வாசனை கிடையாது, எஞ்சின் நின்றாலும் நெருப்பு நிற்காது, குழாய் இணைப்பில் கசிந்து வண்டிக்குள் நிரம்பியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். சிங்காரத்துக்கும் அதுதான் நடந்திருக்கும் என்றேன். இருக்கலாம் என்றார். தானியேல் அடுத்த நாள் கப்பல் ஏறிவிட்டான். சேதி அவனுக்கு ஏழு வாரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது. யுத்தம் முடிந்தது, பெட்ரோல் வந்தது, கரிப் பீப்பாய்களை உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். கோதண்டபாணியின் வண்டியும் அப்படியே போனது. பிள்ளை யூனிஸ் என்னிடம்தான் வளர்கிறாள். மழை வந்தால் ஊரெல்லாம் ஜன்னலைச் சாத்தும், நான் திறப்பேன். பிள்ளைக்கு எப்போதும் சளி. பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைத் திட்டாத நாளில்லை. திட்டட்டும்.

பல்பைக் கிணற்றில் போட நினைத்தேன், மனசு வரவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இதை எழுதுகிற இந்த மத்தியானம் நல்ல மழை. யூனிஸ் பாயில் தூங்குகிறாள். சற்றுமுன் டப்பாவின் மூடி இடுக்கில் சிவப்பாகத் தெரிந்தது.

வாசல் கதவு, கொல்லைக் கதவு, நான்கு ஜன்னல், எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். சாரல் பாய்வரைக்கும் வந்துவிட்டது. விளக்கு அணையவில்லை.

டக், டக் என்கிறது டப்பா.

பிறகு பட்டென்று, உள்ளங்கையால் ஒரே அறை.

எங்கேயோ யாரோ எதையோ மூடிக்கொண்டு தூங்குகிறார்கள். இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தட்டுகிறார்கள். எந்தக் கதவு என்று மட்டும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.