அசையாத இடத்தில் அளவுக்கம்பி

அலை ஆய்வுக்கூடத்துப் பெண் பொறியாளர் துப்பறிவாளர் வீட்டுக்கு வந்து உட்காரும்போதே பேசத் தொடங்கிவிட்டாள்.

"துறைமுகத்துப் புது மதிலோரம் இன்னைக்குச் சாயங்காலம் படகு கட்டப் போறாங்க சார். முதல் படகு எங்க அண்ணனோடது. நேத்து சோதனைத் தொட்டியில அலை மதில்ல முட்டி ரெண்டு மடங்கு எழும்புச்சு. காலையில தலைமைப் பொறியாளர் முன்னாடி அளந்தா தண்ணியில அசைவே இல்லை. நான் கதை கட்டுறேனாம்."

துப்பறிவாளர் சாவகாசமாகச் செருப்பை மாட்டினார். முந்திரிக்கொட்டையான அவர் மச்சான் அதற்குள் தெருவில் நின்றான்.

நீளமான கண்ணாடித் தொட்டி அது. ஒரு முனையில் அலை எழுப்பும் பலகை, மறுமுனையில் மதிலின் சிறு மாதிரி, அதற்குச் சற்றுத் தள்ளி நீரில் அலையின் உயரத்தை அளக்கும் அளவுக்கம்பி. அவளுக்குப் பகீரென்றது. நேற்று அதை மதிலை ஒட்டியல்லவா வைத்திருந்தாள்! காலையில் பதற்றத்தில் கம்பியோடு இணைத்த மீட்டரைப் பார்த்தாளே ஒழிய கம்பியைப் பார்க்கவில்லை. அதை அவர்களிடம் சொன்னாள்.

"கூடத்தைத் துடைக்கிறவர் கை பட்டு நகர்ந்திருக்கும் அத்தான்," என்றான் மச்சான்.

"இருக்கும், அவருக்கு என்ன தெரியும்," என்றார் அங்கே நின்ற தலைமைப் பொறியாளர் அவசரமாக.

துப்பறிவாளர் கண்ணாடியின் உட்புறம் சாக்பீஸ் பொடியைப் பூசி, பலகையை இயக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மதிலோரம் பொடி வெகு உயரம் கரைந்திருந்தது. கம்பிக்கு நேரே மட்டும் அப்படியே இருந்தது.

"முட்டித் திரும்புற அலையும் வர்ற அலையும் மதிலோரம் ஒண்ணு சேர்ந்து எழும்புது. கொஞ்சம் தள்ளி ஓரிடத்துல ஒண்ணையொண்ணு அடக்கிடுது. தெரியாத கை பட்டிருந்தா கம்பி எங்கேயாவது நின்னிருக்கும். குறி வெச்ச மாதிரி அசையாத இடத்துல நிக்குதே! கூடத்துச் சாவி துடைக்கிறவரையும் இந்தம்மாவையும் விட்டா உங்ககிட்டதான் சார். இந்தம்மா தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்க மாட்டாங்க."

தலைமைப் பொறியாளர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "மதில் என் வரைபடம். சாய்வா பாறை கொட்டியிருந்தா அலை அதுல உடைஞ்சு அடங்கியிருக்கும். கட்டி முடிச்ச பிறகு எந்த முகத்தோட சொல்றது?"

அவள் அதைக் கேட்க நிற்கவில்லை. அண்ணனுக்குப் போட்ட போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அவன் எடுத்தான்.

"என்னம்மா? மதில்கிட்ட வந்துட்டேன், கயிறு கையில இருக்கு."

"கயித்தைக் கீழ வை அண்ணா. அங்க கட்டாதே."

"ஏன்?"

"அப்புறம் சொல்றேன். முதல்ல படகைத் திருப்பு."

என்ஜின் சத்தம் மாறி, படகு விலகும்வரை அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.