நீல அணியில் ஒரு துரோகி

எங்கள் நான்கு பேரில் ஒருவர் துரோகி. அது யார் என்று கண்டுபிடிக்கும்வரை சாப்பிடுவதில்லை என்று நான் சபதம் போட்டேன். அன்று பார்த்து அம்மா பூரி சுட்டுவிட்டதால் சாப்பிட வேண்டியதாகிவிட்டது. ஆனால் சந்தேகத்தை மட்டும் நான் விடவில்லை.

என் பெயர் ஜோதிலட்சுமி. அப்போது ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தேகம் கொஞ்சம் ஜாஸ்தி என்று வீட்டில் சொல்வார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. பால்காரர் சிரித்தால் இன்றைக்கு ஏன் சிரிக்கிறார் என்று யோசிப்பேன், அவ்வளவுதான்.

சிதம்பரத்தில் தெற்கு வீதியில், ஒரு நோட்டுப் புத்தகக் கடையின் மாடியில், என் மாமா சுப்புராயன் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். நான்கு கம்ப்யூட்டர். நடுநடுவே பிளைவுட் தடுப்பு. ஒருவர் திரையை இன்னொருவர் பார்க்க முடியாது. பின்னால் சுவரோரமாக ஒரு பெஞ்சு. 2009-ஆம் வருடம் அரையாண்டு விடுமுறையில், தினமும் காலையில் இரண்டு மணி நேரம் மாமா அந்த நான்கையும் எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்.

நாங்கள் ஆடியது கொடி பிடிக்கும் ஆட்டம். நீல அணி, சிவப்பு அணி என்று இரண்டு அணிகள். எதிரணிக் கோட்டைக்குள் புகுந்து கொடியைத் தூக்கி வர வேண்டும். கையில் துப்பாக்கி இருக்கும். அதில் குண்டு கிடையாது, சாயப் பந்துதான். மூன்று பந்து பட்டால் அந்தச் சுற்றில் நீங்கள் காலி.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஒரு போட்டி இருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாமாவின் நண்பருக்கும் ஒரு சென்டர் உண்டு. அங்கே இருக்கும் பிள்ளைகளோடு இன்டர்நெட்டில் மோத வேண்டும். போன முறை அவர்கள் எங்களைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள்.

"இந்தத் தடவ புது ரூலு," என்றார் மாமா. "சொந்த ஆளு மேல பட்டாலும் அடிதான். அதனால கண்ண மூடிக்கிட்டுச் சுடாதீங்க."

"வேணும்னே ஒருத்தர் சொந்த ஆளையே சுட்டா?" என்று கேட்டேன். பாருங்கள், வேறு யாருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை.

"அதுக்குத்தான் கிக் இருக்குது. யாரு மேல சந்தேகமோ அவுங்க பேர்ல ஓட்டு போடுங்க. நாலுல மூணு ஓட்டு விழுந்தா அந்த ஆளு வெளிய போயிடுவாரு."

"கிக் ஆனவங்க ஞாயித்துக்கிழம ஆடக் கூடாது," என்று நான் ஒரு விதி சேர்த்தேன். நான்தானே கேப்டன்!

மற்ற மூவரையும் சொல்லிவிடுகிறேன். ஜான்சி என் வகுப்புத் தோழி. அன்பரசு எட்டாம் வகுப்பு; அவன் வாயில் எப்போதும் கடலை மிட்டாய் இருக்கும். மூன்றாவது ஆள் பூவராகன். குமராட்சிப் பையன். அவன் அம்மா கீழே நோட்டுப் புத்தகக் கடையில் வேலை பார்த்தார். விடுமுறை என்பதால் அம்மாவோடு மினிபஸ்ஸில் வருவான். வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அதிகம் பேச மாட்டான்.

அதிகம் பேசாதவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

வியாழக்கிழமை பயிற்சி ஆரம்பமானது. சிவப்பு அணியைக் கம்ப்யூட்டரே ஆடியது. ஐந்தாவது நிமிடத்தில் அன்பரசு கத்தினான்.

"ஐயோ! டீம் ஹிட்டுன்னு வருது! என்னை யாரு அடிச்சது?"

"நான் இல்ல," என்றாள் ஜான்சி.

"நான் இல்ல," என்றேன்.

"நானும் இல்ல," என்றான் பூவராகன் மெதுவாக.

அடிபட்டவர் திரையில் 'டீம் ஹிட்' என்றும், முன்னாலா முதுகிலா என்றும் வரும். அடித்தவர் பெயர் வராது. நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மவுசைத் தடதடவென்று தட்டிக்கொண்டிருப்போம். நீல உடையில் நீலச் சாயம் விழுந்தால் கண்ணுக்கும் தெரியாது. அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டேன். ஒன்றில் 'யார்மேல் சந்தேகம்'. இன்னொன்றில் 'யாருக்கு அடி'.

வெள்ளிக்கிழமை பூவராகனிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"கடலூர்ல உனக்கு யாராச்சும் இருக்காங்களா?"

"எங்க பெரியப்பா வீடு இருக்குது. மஞ்சக்குப்பத்துலதான்."

மஞ்சக்குப்பம்! இவன் அவர்கள் ஆள்! நம்மோடு ஆடுவதுபோல நடித்து, நம்மையே காலி செய்ய வந்திருக்கிறான்!

அன்றிலிருந்து பூவராகனை ஒரு நொடிகூட விடவில்லை. ஆட்டத்தில் அவன் எப்போதும் முன்னால் ஓடுவான். நான் பின்னாலேயே போனேன். என் திரையின் நடுவில் சதா அவன் முதுகுதான். நடுவில் சிவப்புக்காரன் யாராவது தலையை நீட்டினால், டப் டப் டப் என்று சுட்டுவிட்டு, மறுபடியும் பூவராகனைக் கவனிப்பேன்.

சனிக்கிழமை காலையில் டீம் ஹிட் மழையாகக் கொட்டியது. ஐந்து அடி, ஐந்தும் பூவராகனுக்கே.

"எனக்கு மட்டுந்தான் படுது, அதுவும் முதுகுல," என்றான் அவன்.

நான் எழுந்துபோய் ஜான்சியின் காதில் சொன்னேன். "நம்பாதே. தானே தன்ன அடிச்சுக்கிட்டு நடிக்கிறான்."

"முதுகுல எப்படிடி தானே அடிச்சுக்க முடியும்?"

"அதெல்லாம் கடலூர்க்காரங்க சொல்லிக் குடுத்திருப்பாங்க!"

ஜான்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனால் நான் உறுதியாகச் சொன்னதில் அவளுக்கும் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. அன்பரசுவைக் கேட்கவே வேண்டாம். நான் பூவராகன் பெயரில் கிக் ஓட்டைத் திறந்தேன். எல்லோர் திரையிலும் கட்டம் வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பூவராகன் வெளியே!

அவன் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"நான் யாரையும் அடிக்கல," என்றான்.

"ஆமா, எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்றேன்.

அவன் என் நாற்காலிக்குப் பின்னால் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அவன் இடத்தில் அன்பரசுவின் தம்பி கதிர்வேலை உட்கார வைத்தோம். மூன்றாம் வகுப்பு. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: குதிப்பது.

அடுத்த பத்து நிமிடம் ஒரு டீம் ஹிட்கூட இல்லை.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல!" என்று நான் பெருமையாகக் கத்தினேன்.

அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் அன்பரசு கெக்கெக்கே என்று சிரித்தான். ஏன் சிரிக்கிறான்? இவனும் பூவராகனோடு கூட்டோ? என் கண் அன்பரசு பக்கம் திரும்பியது. அவன் பின்னாலேயே போனேன்.

"டேய்! எனக்கு டீம் ஹிட்!" என்று அன்பரசு அலறினான். "ஜான்சி, நீதானே?"

"என்னை ஏன் சொல்றே? நீயே ஒரு முட்டக்கண்ணன்!"

ஜான்சிக்கு ஏன் இவ்வளவு கோபம்? சந்தேகமாக இருந்தது. அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது நிமிடத்தில் ஜான்சிக்கு அடி.

அப்புறம் என்ன? ஒரே சண்டை. வீட்டிலிருந்து எங்களுக்காகக் கிறிஸ்துமஸ் கேக் கொண்டுவந்திருந்த ஜான்சி, டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்துவிட்டாள். அன்பரசு தம்பியின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினான். நான் திரும்பிப் பார்த்தேன். பூவராகன் என் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னா எட்டிப் பாக்குறே? உளவா?"

"ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு அவன் கீழே இறங்கிப் போனான்.

வீட்டுக்கு வந்து ரஃப் நோட்டைப் பிரித்தேன். பூவராகன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதும் அடி விழுந்தது. அப்படியானால் அவன் இல்லை. அது எனக்கே புரிந்தது. பிறகு யார்?

கட்டங்களைப் படித்தேன். சந்தேகம்: பூவராகன். அடி: பூவராகன். சந்தேகம்: அன்பரசு. அடி: அன்பரசு. சந்தேகம்: ஜான்சி. அடி: ஜான்சி.

கட்டம் போடுவதற்கு முன்னால் அன்பரசுவுக்குப் பட்ட அந்த முதல் அடி யாரோ கை தவறியதாக இருக்கலாம். அதற்குப் பிறகு இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர்கள். நான் யாரைச் சந்தேகப்பட்டேனோ, அவர்கள்தான் அடிவாங்கியிருந்தார்கள்.

அந்த ஆட்டத்தில் சும்மா பார்ப்பது என்று ஒன்று கிடையாது. ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் துப்பாக்கியை அவர் பக்கம் திருப்பித்தான் ஆக வேண்டும். நான் மூன்று நாளாகத் துரோகியைத் தேடுகிறேன் என்று, என் ஆட்கள் முதுகுக்கே குறி வைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். தூரத்தில் சிவப்புக்காரன் தெரிந்ததும் டப் டப் டப். நடுவில் நின்றவர்மேல் பட்டிருக்கிறது.

துரோகி வேறு யாருமில்லை. நான்தான்!

இது யாருக்கும் தெரியாது என்ற நினைப்பும் உடனே வந்தது. உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாரையும் உற்றுப் பார்க்காமல் ஆடினால் போதும். டீம் ஹிட் வராது. பூவராகன்தான் காரணம் என்றே எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். நான் கேப்டனாகவே ஆடலாம். அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அது பிடித்திருந்ததே எனக்கு அசிங்கமாகவும் இருந்தது. அன்று ராத்திரியும் பூரிதான்; இரண்டுக்குமேல் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகக் கடைக்கு விடுமுறை. ஆனாலும் பூவராகன் வந்திருந்தான். குமராட்சியிலிருந்து தனியாக மினிபஸ் ஏறி வந்து, மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

"நீ எதுக்கு வந்தே?" என்று கேட்டேன்.

"நான் ஆடக் கூடாதுன்னு தெரியும். சும்மா பாத்துட்டுப் போறேன்."

"நேத்து என் திரையப் பாத்துக்கிட்டு இருந்தியே. உனக்குத் தெரிஞ்சுபோச்சா?"

அவன் தலையாட்டினான்.

"அப்போ ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டேன். கிக் ஆன கோபத்தில் பழி போடுகிறான் என்று ஊரைக் கூட்டியிருப்பேன். அவன் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போனேன்.

எல்லோர் முன்னாலும் ரஃப் நோட்டை விரித்துச் சொன்னேன். அன்பரசு மிட்டாய் மெல்லுவதை நிறுத்திவிட்டான். மாமா பூவராகனின் கம்ப்யூட்டரில் அவன் பெயரை மறுபடி சேர்த்தார். நான் என் இடத்தில் உட்கார்ந்து என் பெயரிலேயே கிக் ஓட்டைத் திறந்தேன்.

"பைத்தியமா உனக்கு?" என்றாள் ஜான்சி. "இன்னும் பத்து நிமிஷத்துல ஆட்டம்!"

"நீ இல்லாம எப்படி ஜெயிக்கிறது? நான் ஓட்டு போட மாட்டேன்," என்றான் அன்பரசு.

என் ஓட்டைத் தவிர ஒன்றும் விழவில்லை. நேற்று பூவராகனுக்கு ஒரு நிமிடத்தில் மூன்று விழுந்தது. அவனுக்காக யாரும் "எப்படி ஜெயிக்கிறது" என்று கேட்கவில்லை. எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"பூவராகா, நீ சொல்லு. என்ன சொன்னாலும் கேக்குறேன்," என்றேன்.

அவன் பின்னால் இருந்த பெஞ்சைப் பார்த்தான். "மூணு சுத்துல மொத சுத்து வெளிய இரு. நேத்து நான் உக்காந்திருந்த பெஞ்சுல. அப்புறம் வா."

"அவ்வளவுதானா?"

"அங்க உக்காந்து பாரு. அவ்வளவா இல்லையான்னு தெரியும்."

தெரிந்தது. நாற்காலியில் எல்லோரும் கத்திக்கொண்டு ஆடும்போது, ஒன்றுமே செய்யாமல் பின்னால் உட்கார்ந்திருப்பதுபோலக் கொடுமை வேறு இல்லை. என் நாற்காலியில் கதிர்வேல் குதித்தான். கொடியைக் கையில் எடுத்துவிட்டு, சந்தோஷத்தில் இன்னொரு குதி குதித்து அகழிக்குள் விழுந்தான். முதல் சுற்று கடலூருக்கு.

இரண்டாவது சுற்றில் நான் இறங்கினேன். பூவராகன் வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் ஓடினான். பின்னால் நான் இருக்கிறேன் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் துப்பாக்கியை அவன் முதுகிலிருந்து எடுத்து, எங்கள் கோட்டை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டேன். திருட்டுத்தனமாக நுழையப் பார்த்த இரண்டு கடலூர்க்காரர்கள் என்னிடம் மாட்டினார்கள். அந்தச் சுற்று எங்களுக்கு.

மூன்றாவது சுற்று. வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தேன். பளிச்சென்று என் திரையில் எழுத்து வந்தது. டீம் ஹிட்! முதுகில் அடி!

"எனக்கு டீம் ஹிட்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஜான்சி கத்தினாள். "சாரிடி, நான்தான்!"

"இல்ல, நான்தான். கை தவறிடுச்சு!" என்றான் அன்பரசு.

"நானாக்கூட இருக்கலாம். மன்னிச்சுக்க," என்றான் பூவராகன்.

"டேய், நீ கடலூர்க் கோட்டைக்குள்ள நிக்கிறே! அங்கேருந்து எப்படிடா என் முதுகுல படும்?"

"யாருக்குத் தெரியும்? பட்டாலும் படும்."

மாமாவே சிரித்துவிட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் பிளைவுட் தடுப்பு ஆடியது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பூவராகன் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். நாங்கள் மூவரும் அவனுக்கு இரண்டு பக்கமும் காவல் நின்று உள்ளே கூட்டி வந்தோம். சிதம்பரம் ஜெயித்தது. ஜான்சியும் கேக் டப்பாவைத் திறந்துவிட்டாள்.

அன்று என் முதுகில் அடித்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.