சிங்கக் கூஜா கொலை வழக்கு

"ஐயோ... கொன்னுட்டானே!"

பாரசீகத்து நிஷாப்பூர் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது!

கண்ணாடிப் பட்டறைத் தரையில் ஃபரூக்சாத் மல்லாந்து கிடந்தான். கண்ணாடி செதுக்குவதில் ஊரிலேயே பெரிய கை. நெற்றியெல்லாம் சிவப்பு. தலைமாட்டில் அவன் மனைவி மாபானு மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஊர்க்காவல் தலைவரான கொத்தவால் ஹுசாம் தன் ஆட்களோடு உள்ளே நுழைந்தார்.

"என்னம்மா நடந்தது?"

"திருடன் ஐயா! ஆளுநரோட சிங்கக் கூஜாவைத் தூக்கிட்டு, தடுத்தவரை அடிச்சுக் கொன்னுட்டு ஓடிட்டான்!"

ஹுசாமுக்கே வியர்த்தது.

அந்தக் கூஜா!

தடித்த கண்ணாடியைச் சுற்றிலும் அரைத்து நீக்கி, சிங்கத்தை மட்டும் புடைப்பாக நிறுத்தும் வேலை. எட்டு மாத உழைப்பு. இன்று ஆளுநரிடம் கொடுத்தாக வேண்டும். பிசகினால் செதுக்கிய கை இருக்காது!

ஹுசாம் குனிந்தார். ரத்தத்தைத் தொட்டார். முகர்ந்தார். நாக்கில் வைத்தார்!

"மாதுளைச் சாறு... நல்ல பழம்."

மாபானுவின் அழுகை பாதியில் நின்றது.

"சரி, செத்தவனை ஏன் காக்க வைக்கணும்? தூக்குங்கடா! இப்பவே புதைச்சிடலாம்!"

பிணம் எழுந்து உட்கார்ந்தது!

"கொத்தவால் ஐயா... அவ்வளவு அவசரம் வேண்டாம்!"

"கூஜா எங்கேய்யா?"

மாபானு மாவுப் பானைக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தாள்.

ஹுசாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"யோவ்... இது ஆடுய்யா!"

"பிடரியில ஒரு சில்லு தெறிச்சிடுச்சு. சமமாக்க மறுபக்கம் அரைச்சேன். அது கோணிடுச்சு, திரும்ப இந்தப் பக்கம்... கண்ணாடியில அரைச்சதை ஒட்ட முடியாதே ஐயா! கடைசியில தாடிதான் மிஞ்சுச்சு. கை போறதுக்குப் பதிலா உயிரே போன மாதிரி நடிச்சுட்டா தப்பிக்கலாம்னு..."

குளம்படிச் சத்தம்!

ஆளுநரே வந்துவிட்டார்!

"கொலையாமே? கூஜாவுக்கு ஒண்ணும் ஆகலியே?"

ஹுசாமின் கையிலிருந்த கூஜாவை ஆளுநர் வாங்கிப் பார்த்தார்.



ஃபரூக்சாத் இரண்டு கைகளையும் அங்கிக்குள் ஒளித்துக்கொண்டான்.

ஆளுநரின் தோள்கள் குலுங்கின. பிறகு தொந்தி. பிறகு... வெடிச் சிரிப்பு!

"அந்தத் தாடி! அந்தத் திருட்டு முழி! அச்சு அசல் என் மாமனார்! நீ அவரைப் பார்த்திருக்கியா?"

"இ... இல்லைங்க பிரபு!"

"பார்க்காமலே இவ்வளவு தத்ரூபமா! மச்சான்கள் நாலு பேர் இருக்காங்க. அவங்க முகத்தையும் ஆளுக்கு ஒண்ணு செஞ்சிடு. இதே மாதிரி!"

ஃபரூக்சாத் தொபுக்கென்று விழுந்தான். இந்த முறை நிஜமாகவே!

மாபானு அவன் காதருகே குனிந்தாள்.

"எழுந்திருங்க... பிரபுவுக்கு மாமியார் ஞாபகம் வர்றதுக்குள்ள அவரை அனுப்பிடலாம்!"