எதிர்காற்றில் ஒரு கை

லம்மியின் மகன் அவளுக்கு பாட்டரி சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தான். கைப்பிடியில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் எதிர்காற்று இருக்கிற இடம் தெரியாது. லம்மி அதைத் தொடுவதே இல்லை. கேட்டால், "மிதிச்சாத்தான் ஒடம்பு சூடாகுது" என்பாள். சுத்தப் பொய். ஜூலை மாதம் சமையலறையில் காப்பிக் கோப்பையோடு அவள் புருஷன் பெரெண்ட் சரிந்து விழுந்தானே, அன்றிலிருந்து அவளுக்குச் சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. அழுகைகூட எட்டிப் பார்க்கவில்லை.

பெரெண்டின் வலது பாதி செத்துவிட்டது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, லம்மி அப்படித்தான் சொல்வாள். பேச்சும் போனது, ஒரே ஒரு சொல் மட்டும் தங்கியது. காப்பி வேண்டுமா என்றால் "வீட்டுக்கு" என்பான். மழை பெய்கிறது என்றாலும் "வீட்டுக்கு."

இன்று அவள் பையில் ஒரு படிவம் இருந்தது. பெரெண்ட் இனி சாகும்வரை பராமரிப்பு இல்லத்திலேயே இருப்பான் என்று கையெழுத்துப் போட வேண்டும். அறையை இன்று மாலைவரைதான் வைத்திருப்பார்கள். போடாவிட்டால் அவனை வீட்டுக்குத்தான் கூட்டிவர வேண்டும். தொண்ணூறு கிலோ ஆளை அவள் ஒருத்தி எப்படித் தூக்குவாள்?

சதுப்பு வெளியின் வாசலில் காவலர் யான்னஸ் நின்றிருந்தான். பள்ளிக்கூடத்தில் அவளோடு படித்தவன்.

"காத்து மூஞ்சியிலேயே அடிக்குது, நீ மாடு மாதிரி மிதிச்சிட்டு வர்ற. மோட்டாரை யாருக்குச் சேத்து வைக்கிற?"

"உனக்குத்தான். கழட்டி எடுத்துட்டுப் போ."

"நாப்பத்தேழாம் நம்பர் வழிகாட்டிக் கம்பத்துல வலது பக்கம் திரும்பு, என்ன? பழைய ரோடு மழையில முங்கிக் கெடக்கு."

அந்தப் பழைய ரோடு அவளுக்குத் தெரியாததா? அதன் கோடியில்தான் அவர்களுடைய முதல் வீடு இருந்தது. சதுப்பைக் காப்பாற்ற வேண்டும் என்று அரசாங்கம் அந்த நிலத்தை வாங்கி, வீட்டை இடித்து, தண்ணீரைத் தேக்கியது. இருபது வருடமாகிறது. இப்போது அங்கே கொக்குகள் குடியிருக்கின்றன.

சிமெண்டுப் பாதை இரண்டு மீட்டர் அகலம். இரண்டு பக்கமும் கருஞ்சேறு. ஊதாப்பூ பூத்துத் தீர்ந்து பழுப்பாகிப்போன புதர்கள். மட்கிய இலையும் பழைய புகையும் கலந்த வாசனை. நான்கு மணிக்கே பனி இறங்கிவிட்டது. காற்று மட்டும் ஓயவில்லை.

பெரெண்ட் நன்றாக இருந்தவரை இந்தக் காற்றை அவள் தனியாகச் சந்தித்ததில்லை. அவன் இடது பக்கம் ஓட்டி வருவான். வலது கையை அவள் முதுகில் வைத்துத் தள்ளுவான். அந்தப் பக்கத்து ஜோடிகள் எல்லாருக்கும் இது பழக்கம்தான். தள்ளப்படுகிறவள் மிதிக்கக்கூடாது, வழி பார்க்கக்கூடாது. கைப்பிடியைச் சும்மா பிடித்திருந்தால் போதும். பழக்கத்தில் லம்மி இன்றைக்கும் வலது ஓரமாகத்தான் ஓட்டினாள். இடது பக்கம் ஓர் ஆள் இடம் காலியாகவே வந்தது.

நாற்பத்தேழாம் கம்பம் தெரிந்தது.

அப்போது முதுகில் கை விழுந்தது.

முதலில் உள்ளங்கை. பிறகு ஐந்து விரல்.

லம்மி திரும்பிப் பார்க்கவில்லை. கத்தவும் இல்லை. முப்பத்தோரு வருடப் பழக்கம் அவளுக்கு முன்னால் முடிவெடுத்துவிட்டது. அவள் கால்கள் மிதிப்பதை நிறுத்தின.

சைக்கிள் ஓடியது.

கம்பத்தில் அது வலது பக்கம் திரும்பவில்லை.

பக்கத்தில் இன்னொரு சங்கிலி கிறீச்சிடும் சத்தம். அவன் சைக்கிளின் சங்கிலிக்கு எண்ணெய் போடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! அந்த சைக்கிள் இப்போது கொட்டகையில் டயர் இறங்கிக் கிடக்கிறது.

சிமெண்டு முடிந்து மண் ரோடு வந்தது. மண் முடிந்து தண்ணீர் வந்தது. ஷூவுக்குள் நீர் ஏறியது அவளுக்குத் தெரிந்தது. பயப்பட வேண்டிய நேரம் இது என்றும் தெரிந்தது. பயம்தான் வரவில்லை.

முழங்கால்வரை தண்ணீர்.

"வீட்டுக்கு" என்று காதருகே யாரோ சொன்னார்கள்.

"லம்மீ!" ரோந்து வந்த யான்னஸ் கரை மேலிருந்து அலறினான். "ரெண்டு பேருக்கும் பைத்தியமா? திரும்புங்க! திரும்பித் தொலைங்க!"

கை விலகியது. சைக்கிள் சாய்ந்தது. யான்னஸ் தண்ணீரில் இறங்கி அவளைக் கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினான். மூச்சிரைக்கப் பனியைத் துழாவிப் பார்த்தான்.

"அவன் எங்க?"

"எவன்?"

யான்னஸ் மறுபடி தண்ணீரில் இறங்கி அவள் சைக்கிளைத் தூக்கி வந்தான். அங்கே அந்த ஒரு சைக்கிள்தான் கிடந்தது.

இல்லத்தில் செவிலி ஃபெம்கே துண்டோடு ஓடிவந்தாள். "ஐயோ லம்மி, நனைஞ்சு போய்ட்டீங்களே! இவரு மத்தியானம் பூரா அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். இப்பத்தான் முழிச்சாரு. ஆனா இதக் கொஞ்சம் பாருங்களேன்."

போர்வையை விலக்கினாள். பெரெண்டின் வலது கை மடியில் கிடந்தது. ஈரமாக இருந்தது. நகக்கண்களில் கருஞ்சேறு.

"பன்னெண்டு மணிக்கு நானேதான் கழுவி விட்டேன்" என்றாள் ஃபெம்கே. "இவரு நாற்காலிய விட்டு நகரவே இல்ல."

லம்மி அந்தக் கையை எடுத்து, விரல் விரலாகத் துடைத்தாள். பனிக்கட்டியாக இருந்தது. ஆனால் அது பட்ட இடம், அவள் முதுகில் ஐந்து விரல் அகலம், கதகதவென்று இருந்தது. ஜூலைக்குப் பிறகு அவள் உடம்பில் சூடு தெரிந்த ஒரே இடம் அதுதான்.

பெரெண்ட் அவளையே பார்த்தான். இன்று அந்த ஒற்றைச் சொல்லும் வரவில்லை.

அவள் படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். செத்துப்போன அந்த வலது பாதியை எந்த நாற்காலியும் பிடித்துவைக்கப் போவதில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கார்ல கொண்டு விடறேன்" என்றாள் ஃபெம்கே.

"வேண்டாம். காத்து இப்ப பின்னாலேருந்து அடிக்கும். சுலபம்."

பின்காற்றில் சைக்கிள் பறந்தது. தள்ள யாரும் தேவையில்லை. நாற்பத்தேழாம் கம்பம் வந்தது. லம்மி வலது ஓரம் ஒதுங்கி, இடது பக்கம் ஓர் ஆள் இடம் விட்டாள்.

கறுப்புத் தண்ணீர்ப் பக்கமிருந்து எண்ணெய் போடாத சங்கிலி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது.

அவள் மிதிப்பதை நிறுத்தினாள்.