வெள்ளைப் பக்கம்

லண்டன் கிங்ஸ்பரியில் பேருந்தை விட்டு இறங்கும்போது மணி மூன்று. வாமதேவன் அண்ணையின் பையை இரண்டு தரம் நடைபாதையில் வைத்து, கை மாற்றித் தூக்கினேன். ஐந்து மாதமாக என் அறையில் காய்ந்த பை. ஆனாலும் கனத்தது.

அவருடைய மனைவி சிவனேஸ்வரி அக்கா கதவைத் திறந்து, தேத்தண்ணி தந்தா. பையைத் தொடவில்லை.

"படகில தன்ர தகட்டை அவர்தான் திருப்பினவரோ, நிர்மலன்?"

நானும் அண்ணையும் கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில், ஒரு மீன் களஞ்சியத்தில் வேலை. கடலடியில் சுழியோடத் தெரியும் என்பதால், ஓர் ஆய்வுக் குழு எங்களைத் தென் அத்திலாந்திக்கில் ஒரு எரிமலைத் தீவுக்குக் கூட்டிப்போனது. காலையில் கருமணல் கரையேறி, புகையும் பிளவுகளை அளப்போம். மதியம் வாயில் காற்றுக் குழாயோடு அதே மலையின் அடிவாரத்தைத் தேடிக் கடலுக்குள் இறங்குவோம். தண்ணீருக்குள்ளும் பாறை கொதித்துக் குமிழி விடும். உடம்பெல்லாம் கந்தக மணம்.

படகில் ஒரு பலகை. ஆளுக்கொரு தகடு. இறங்கும்போது சிவப்புப் பக்கம். ஏறியதும் அவரவரே வெள்ளைப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். எல்லாம் வெள்ளையானால்தான் படகு நகரும்.

களஞ்சியத்தில் எங்கள் வழக்கம் வேறு. வந்தாலும் போனாலும், முந்துகிறவர் மற்றவரின் வேலைநேரக் கார்டையும் மெஷினில் அடித்துவிடுவார். "நீ ஆறுதலா வாடா, உனக்கும் சேர்த்து அடிச்சுவிடுறன்" என்பார் அண்ணை.

அன்று முதலில் ஏறியது நான். அவர் பின்னால் ஏணியில் வருகிறார் என்று நினைத்தேன். அவ்வளவு களைப்பு. இரண்டு தகடுகளையும் திருப்பிவிட்டுப் போய்ப் படுத்தேன். படகு புறப்பட்டது.

ஆளைக் காணவில்லை என்று தெரிந்து படகு தீவுக்குத் திரும்பியபோது, கருமணலில் வெறுங்கால் தடங்கள் இருந்தன. கடலிலிருந்து ஏறி, கரையோரம் அங்குமிங்கும் நடந்து, மறுபடி கடலுக்குள் இறங்கியிருந்தன.

"தானே திருப்பிப்போட்டுத் திரும்பவும் குதிச்சவராம்," என்றா அக்கா. "சாகவெண்டே போனவர் எண்டு சனம் கதைக்குது. என்னில என்ன கோபம் அவருக்கு?"

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ஓம் அக்கா. அவர்தான் திருப்பினவர்."

அறையில் கந்தகம் மணத்தது. பைக்குக் கீழே கம்பளம் நனைந்திருந்தது.

ஐந்து மணிக்குக் களஞ்சியத்தில் ஷிப்ட். ஞாயிறு என்பதால் நானும் சூப்பர்வைசரும் மட்டும். கார்டை அடித்துவிட்டுக் குளிரறைக்குள் போய்ப் பெட்டிகளை அடுக்கினேன்.

விளக்கு அணைந்தது.

கதவு சாத்தும் சத்தம். வெளியே பூட்டு விழுந்தது.

உள்ளிருந்து திறக்கும் பிடி அசையவில்லை. அடித்தேன், கத்தினேன். பிறகு ஏலவில்லை, ஒரு பெட்டிமேல் இருந்துவிட்டேன்.

இருட்டுக்குள், எனக்குப் பின்னால், யாரோ குழாய் வழியாக மூச்செடுத்தார்கள். நீளமாக. ஆறுதலாக.

மறந்துவைத்த போனை எடுக்கவென்று சூப்பர்வைசர் இராஜேந்திரன் திரும்பி வந்திராவிட்டால், விடியத்தான் என்னை எடுத்திருப்பார்கள்.

"விசரா! நீ ஆறு மணிக்கே போயிட்டாய் எண்டெல்லோ கார்டில கிடக்கு. அதுதான் பூட்டினனான்."

கார்டை வாங்கிப் பார்த்தேன். ஓரம் ஈரம். கறுப்பு மணல் விரலில் ஒட்டியது. ஆறு மணிக்கு வெளியேறியதாக அடித்திருந்தது.

அதற்குக் கீழே, நாளைய திகதிக்கும் நான் வெளியேறியதாக அடித்திருந்தது.