நடுங்காத கை

மூன்றாவது வாரம் முடிந்தும் நீலாவின் கை நடுங்கவில்லை.

பாளையங்கோட்டை டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். "லித்தியம் உடம்புல ஏற ரெண்டு மூணு வாரம் ஆகும்மா. தாகம் எடுக்கும், விரல் லேசா நடுங்கும், பயப்படாதீங்க. அப்புறம் நல்லாத் தூங்குவீங்க. இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க." அந்த நடுக்கத்துக்காக அவள் தவம் கிடந்தாள். தினமும் விரல்களை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். பாழாய்ப்போன விரல்கள் அசையவே இல்லை.

எண்பத்தொன்றாம் வருஷத்துச் சாரல் விடுவதாயில்லை. குற்றாலத்தில் அருவிச் சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு. கொடியில் துணி காயாமல் வீச்சமடிக்க, சுவரெல்லாம் ஈரம் ஊற, விளக்கு வைக்கும் நேரத்தில் பின்கட்டிலிருந்து சொதசொதவென்று ஈரக்கால் நடந்து வரும். பச்சைச் சேலை, சொட்டும் கூந்தல், மஞ்சளும் பாசியும் கலந்த வாசம். அகிலாண்டேஸ்வரி. நீலாவின் கணவன் விஸ்வேஸ்வரனுக்கு மூத்த தாரம். நாலு வருஷத்துக்கு முன் அருவி வெள்ளத்தில் போனவள்.

விஸ்வேஸ்வரனைத் தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். மருந்தைத் தன் கையாலேயே கொடுப்பான். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பான்.

"இப்ப எங்கன நிக்கா? என்ன சேலை? சிரிக்காளா?"

டாக்டரிடம் சொல்லத்தான் கேட்கிறான் என்று நம்பி, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அன்று சாயங்காலம், சாரலில் நமுத்துப்போயிருந்த கேப்சூல் நாக்கிலேயே பிளந்தது. உப்பில்லை, கசப்பில்லை. மாவாய்க் கரைந்தது. கோயில் வாசம்.

உள்ளங்கையில் துப்பினாள். திருநீறு.

"அத்தான், என்ன இது?"

அவன் மறைக்கவில்லை. "துன்னூறு. அகிலாவுக்குப் படையல் போட்டப்ப எடுத்து வச்சது."

"அப்ப மருந்து?"

"அதை வாங்கின அன்னிக்கே கொட்டிட்டேன். நீ அதைத் தின்னா அவ வரமாட்டாளே, நீலா. என் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்கா. உன் கண்ணுக்குத்தான வாரா."

மூன்று வாரம். அவன் கையை நம்பி வாய் திறந்த மூன்று வாரம். பேயை விட்டுத்தள்ளு, தாலி கட்டியவனே கழுத்தை அறுத்திருக்கிறான்.

அவன் எழுந்து பின்கட்டுக் கதவைத் திறந்து வைத்தான்.

சொத. சொத.

"எங்கன நிக்கா?"

"வரலை." இனி அவனுக்கு ஒரு வார்த்தை தரமாட்டாள்.

சொத. முதுகுக்குப் பின்னால். பாசி வாசம். பிடரியில் குளிர். பிறகு சத்தம் இல்லை.

விஸ்வேஸ்வரன் நீலாவின் முகத்தையே பார்த்தான். அவன் கண் நிறைந்தது.

"வந்துட்டியா, அகிலா?"

காலையிலிருந்து குளிக்காத நீலாவின் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டி மடியில் விழுந்தது. இல்லை என்று கத்த வாயெடுத்தாள். வாய் திறக்கவில்லை. விரல்களைப் பார்த்தாள். நடுக்கமே இல்லை. நகக்கண்ணில் பச்சைப் பாசி. அவை தாமாகவே நீண்டு அவன் கன்னத்தைத் தடவின.