பன்னிரண்டரைக்குக் கூட்டிய வீடு

பக்கத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட்டில் சாப்பாட்டு மணி அடித்து, காலையிலிருந்து இரைந்துகொண்டிருந்த மெஷின்களெல்லாம் ஒவ்வொன்றாக அடங்கிய பிறகும், யாழினியின் காதில் அந்த இரைச்சல் மட்டும் நிற்கவில்லை. கையில் துடைப்பத்தோடு கூடத்தின் நடுவே நின்று கேட்டாள். தாழ்ந்த, விடாத ஓர் உறுமல், தரையிலிருந்து பாதம் வழியாக ஏறியது. ஃபிரிட்ஜாக இருக்கும் என்று பிளக்கைப் பிடுங்கினாள். மெயின் சுவிட்சையே இறக்கினாள். மின்விசிறி ஓய்ந்தது. உறுமல் ஓயவில்லை.

அவள் கணவன் சுரேந்தர் காலை பத்து மணி விமானத்தில் கோவையிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பியிருந்தான். அங்கே சரக்கு வாங்கும் பையரிடம் சாம்பிள் பனியன்களை நேரில் காட்டப் போகிறான். முதல் விமானப் பயணம். அவிநாசி வீட்டு வாசலில் ஷூவை மாட்டும்போது, "நா எறங்கற வரைக்கும் ஊடு கூட்டீராத" என்று அவளிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஊருக்குப் போனவர் போய்ச் சேரும் முன் வீடு கூட்டினால் அவர் சேர மாட்டார் என்பார்கள். இவ்வளவு படித்தும் யாழினி அதை மீறியதில்லை. இன்றும் டிக்கெட்டில் இறங்கும் நேரம் பன்னிரண்டரை என்று பார்த்துவிட்டு, பன்னிரண்டரை ஆன பிறகுதான் கூட்டிக் குப்பையை வாசலுக்கு வெளியே தள்ளினாள்.

அவனுக்குப் போன் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். இருப்புக்கொள்ளாமல், கோவைக்கும் சார்ஜாவுக்கும் எவ்வளவு தூரம் என்று போனில் தேடினாள். இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். நாலு மணி நேரம். பத்தும் நாலும். விரல் விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். அங்கே கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் இருந்தது அந்த ஊர் நேரம். அவள் வீடு கூட்டியபோது அவன் கடலுக்கு மேலே இருந்திருக்கிறான்.

வெளியே ஓடி, தள்ளிய குப்பையை இரண்டு கையாலும் வாரிக்கொண்டு வந்து கூடத்தில் கொட்டினாள். நூல் துணுக்கு, தலைமுடி, மண். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் சாமி, அவன் போய்ச் சேரட்டும்.

உறுமல் கூடியது. எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிந்தது. படுக்கையறை.

அந்தப் பக்கம் போகாமல் நடந்தாள். கூடம், சமையலறை, கூடம். ஒரு மணி. ஒன்றரை. மூடிய கதவின் அடியிலிருந்து காற்று வந்து கணுக்காலில் பட்டது. வெளியே சித்திரை வெயில். உள்ளே குளிர்.

இரண்டு பத்துக்குப் போன் அடித்தது. சுரேந்தரோடு போன கூட்டாளி மகுடேஸ்வரன்.

"அம்மிணி... சுரேந்தரு என்ற பக்கத்துலதானுங்க உக்காந்திருந்தான். நடுவுல கொஞ்சம் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா பெல்ட்டு மாட்டுனபடியே இருக்குதுங்க. ஆளக் காணோமுங்க."

போனைக் காதில் வைத்தபடியே படுக்கையறைக் கதவைத் தள்ளினாள்.

காது அடைத்தது. கட்டிலுக்கு ஒரு முழம் மேலே, அந்தரத்தில், முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தான் சுரேந்தர். இமையெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. மூடிய ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவன் மெல்லத் திரும்பினான். முன்பின் பார்த்திராத ஒருத்தியிடம் கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்டான்:

"ஏனுங்க, போய்ச் சேர இன்னும் எவ்வளவு நேரமாகுமுங்க?"